ஆத்தாவுக்குத் தாய்ச்சி: சுகர் போகுமா, விழாம இருப்பாங்களா?

கேள்வி: கோட்டையூரான், 9 நவம்பர் 2024

ஆத்தாவுக்கு 74 வயசு. சுகர், பிரஷர், முழங்கால் வலி மூணும் இருக்கு. பெரிய வீட்டுல தனியா இருக்காங்க, சமையலுக்கு மட்டும் ஒரு அம்மா வந்து போறாங்க. நான் சென்னை, தம்பி சிங்கப்பூர். அவன் தாய்ச்சிங்கிற மெதுவான சீனப் பயிற்சி வீடியோ ஒண்ணு அனுப்பி, "இதை தினமும் செஞ்சா மாத்திரையே வேண்டாம், மூணும் போயிடும்"ங்கிறான். எனக்குப் பார்த்தா சும்மா காத்துல கையை ஆட்டுறாப்புலதான் தெரியுது. இதுல உண்மை எவ்வளவு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

9 நவம்பர், இரவு

மாத்திரை வேண்டாம்னு சொன்ன வரியை ஆத்தா பார்க்கிறதுக்கு முன்னாடி அழிச்சிடுங்க தம்பி. மீதியை நாளைக்குப் பேசலாம்.

10 நவம்பர்

நான் தேவகோட்டைப் பக்கம். பள்ளிக்கூடத்துல டிரில் மாஸ்டரா இருந்து ஓய்வு பெற்றவன். மகள் வீடு சிங்கப்பூர்ல தோ பாயோ. அங்க போய்த் தங்கினப்போ காலையில அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சீனப் பாட்டிங்க வரிசையா நின்னு செய்யிறதைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். முதல்ல எனக்கும் உங்களுக்குத் தோணினதுதான் தோணுச்சு. வாழ்நாள் பூரா விசில் ஊதிப் பையன்களை ஓட விட்டவனுக்கு, வேர்க்காத ஒண்ணை உடற்பயிற்சின்னு ஒத்துக்க மனசு வராது.

பின்வரிசையில நின்ன ஒரு பாட்டி ஒத்தைக்கால்ல நின்னு, இன்னொரு காலை மெதுவா எடுத்து முன்னாடி வச்சாங்க. குதிகால் தரையைத் தொட்ட பிறகும் உடம்பு நகரலை. பாதம் முழுசாப் படிஞ்ச பிறகுதான் எடை அந்தக் காலுக்குப் போச்சு. வயசு எண்பதுக்கு மேல இருக்கும். நான் பக்கத்துல நின்னு அதே வேகத்துல செஞ்சு பார்த்தேன், ஆடிப்போயிட்டேன். வேகமா வச்சா நாம விழுறதுக்கு முன்னாடி அடுத்த கால் வந்து காப்பாத்திடும். மெதுவா வச்சா அந்த ஏமாத்து வேலை நடக்காது. விஷயம் அங்கதான் இருக்கு.

சுருக்கமா வரலாறு. சீனாவுல ஹெனான் மாகாணத்துல சென் குடும்பத்து ஊர். 17ஆம் நூற்றாண்டுல சென் வாங்திங்னு ஒரு படைவீரர்கிட்டேர்ந்து தொடங்குதுன்னு சொல்வாங்க. அந்த ஊர்ல கத்துக்கிட்டுப் போன யாங் லூசான் (1799–1872) வெளியில பரப்பினார். அவர் பேரன் யாங் செங்ஃபூ காலத்துலதான் இன்னிக்கு நாம பார்க்கிற மெதுவான, அகலமான நடை எல்லாருக்கும் வந்தது. 1956ல சீன அரசு விளையாட்டுத் துறை அதைச் சுருக்கி 24 அசைவு ஆக்குச்சு. முழுசாச் செஞ்சு முடிக்க அஞ்சாறு நிமிஷம். தம்பி அனுப்பின வீடியோ பெரும்பாலும் இதாத்தான் இருக்கும்.

10 நவம்பர், கொஞ்ச நேரம் கழிச்சு

அடிப்படையில இது சண்டைக் கலை. அந்தப் பாட்டிங்க செய்யிற ஒவ்வொரு கையசைவும் ஒரு தடுப்பு, ஒரு தள்ளல், இல்லேன்னா ஒரு குத்து. யாரும் நம்ப மாட்டாங்க.

12 நவம்பர்

எதிர்பார்த்தேன், வந்துடுச்சு. "இது நம்ம காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொடுத்தது, நம்ம சொத்தை நாமளே சீனாக்காரன்கிட்ட வாங்குறோம்"னு பள்ளத்தூர் அண்ணன் எழுதியிருக்கார்.

அண்ணே, போதிதர்மர் கதை குங்ஃபூவுக்குப் பேர் போன ஷாலின் மடத்தைச் சேர்ந்தது. தாய்ச்சிக்காரங்க தங்களுக்குச் சொல்லிக்கிற கதையே வேற: வூடாங் மலையில ஜாங் சான்ஃபெங்னு ஒரு தாவோ துறவி. அதுக்கும் வரலாற்றுல பிடிமானம் கிடையாது, ஆனா கதைங்கிற அளவுல கூட நம்ம ஆள் அதுல இல்லை. போதிதர்மர் உடற்பயிற்சி கொடுத்தார்னு சொல்ற சீன நூல் 17ஆம் நூற்றாண்டுல வந்தது. அவர் வாழ்ந்ததாச் சொல்றது 5, 6ஆம் நூற்றாண்டு. நடுவுல ஆயிரம் வருஷம் ஓடிப்போச்சு.

நம்ம ஆள் கொடுத்ததுன்னு நான் ஒத்துக்கிட்டா நாளைக் காலையிலேர்ந்து செய்வீங்களா? செய்வீங்கன்னா ஒத்துக்கிறேன். யோகா நம்முதுதானே, எத்தனை பேர் செய்யிறோம்? யுனெஸ்கோ பட்டியல்ல யோகா 2016லயே ஏறிடுச்சு, தாய்ச்சி 2020லதான். அந்த வகையில நாமதான் சீனியர், போதுமா?

15 நவம்பர்

தம்பியோட ஆத்தா விஷயத்துக்கு வர்றேன். "தனியா இருக்காங்க"ன்னு எழுதினீங்களே, எனக்கு சுகரை விட அதுதான் உறுத்துது.

நம்ம செட்டிநாட்டுப் பக்கம் வீடு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. முகப்புல ஏற நாலஞ்சு படி. தலைவாசல்ல முழங்கால் தூக்கித் தாண்டுற நிலைப்படி. உள்ள வளவு (திறந்த முற்றம்), அதைச் சுத்தி உயரமாப் பட்டாலை (திண்ணை). இரண்டாங்கட்டுக்குப் போக இன்னொரு நிலை, அடுப்படிக்கு இன்னொண்ணு. தரை ஆத்தங்குடிக் கல்லு. துடைக்கத் துடைக்கப் பளபளப்பு ஏறுற கல்லு அது, தேங்காயெண்ணெய் போட்டுத் துடைக்கிற வீடும் இருக்கு. ஐப்பசி கார்த்திகையில வளவுல மழை நேரா இறங்கும், சாரல் பட்டாலை வரைக்கும் அடிக்கும். முப்பது நாப்பது பேர் புழங்கக் கட்டின வீடு. இன்னிக்கு அதுக்குள்ள ஒரு ஆச்சி, ஒரு டார்ச் லைட். வழுக்கி விழுந்தா கூப்பிட்ட குரல் தெருவுக்கு வராது.

சுகர் இருக்கிறவங்களுக்கு இன்னொரு சிக்கல். பாதத்துல உணர்ச்சி குறையும். தரை எங்க இருக்கு, எடை குதிகால்லயா முன்பாதத்துலயான்னு மூளைக்குச் சேதி சரியாப் போகாது. பகல்ல கண்ணு சமாளிச்சுக்கும். ராத்திரி பாத்ரூம் போறப்போ அதுவும் உதவாது. ஆத்தாவைச் சுகர் டாக்டர்கிட்ட கூட்டிப் போறப்போ பாதத்தை நைலான் இழையால தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷ வேலை, நாமளாக் கேட்டாத்தான் செய்யிறாங்க பல இடத்துல.

தாய்ச்சி கை கொடுக்கிறது இங்கதான். அமெரிக்காவுல ஆரிகன்ல ஃபூஜோங் லீ குழு நடத்தின சோதனை 2018ல வந்தது. 70 வயசு தாண்டின 670 பேர். எல்லாரும் முந்தின வருஷம் ஒரு தடவையாவது விழுந்தவங்க, இல்லேன்னா நடை தடுமாறுறவங்க. மூணு கூட்டமாப் பிரிச்சாங்க: தாய்ச்சியிலேர்ந்து சமநிலைக்காக எடுத்துக் கட்டின பயிற்சி ஒண்ணு, பல வகை கலந்த உடற்பயிற்சி ஒண்ணு, வெறும் கை கால் நீட்டல் ஒண்ணு. வாரம் ரெண்டு நாள், ஒரு மணி நேரம், 24 வாரம். நீட்டல் கூட்டத்தை விட தாய்ச்சிக் கூட்டம் விழுந்தது 58 சதவீதம் குறைவு. கலப்புப் பயிற்சிக் கூட்டத்தை விட 31 சதவீதம் குறைவு.

முழங்கால், பிரஷர் பத்தித் தனியா எழுதுறேன். ஆனா என்னைக் கேட்டா, 74 வயசுல இடுப்பெலும்பு உடையாம இருக்கிறதுதான் பெரிய ஆரோக்கியம். படுத்தவங்க எழுந்திரிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு இங்க எல்லா வீட்டுக்கும் தெரியும்.

17 நவம்பர்

மேல எழுதின 58ஐ மட்டும் வெட்டி எடுத்து யாரோ வாட்ஸ்அப் குரூப்ல "தாய்ச்சியால 58 சதவீதம் குணம்"னு போட்டிருக்காங்க, எனக்கே திரும்பி வந்துச்சு. எதுல குணம்னு கேட்டா பதில் இல்லை.

அதனால மறுபக்கத்தையும் போட்டுடறேன். 58ங்கிறது வெறுமனே கை கால் நீட்டினவங்களோட ஒப்பிட்டு வந்த எண். உலகம் பூரா நடந்த சோதனைகளையெல்லாம் சேர்த்து அலசின காக்ரேன் ஆய்வு 2019ல வந்தது. அதுல தாய்ச்சி விழுறதை 19 சதவீதம் வாக்குல குறைக்கலாம்னு இருக்கு. சாதாரண சமநிலைப் பயிற்சி (நாற்காலியிலேர்ந்து எழுந்து உட்காரறது, ஒத்தைக்கால்ல நிக்கிறது, பக்கவாட்டுல நடக்கிறது) 24 சதவீதம். வித்தியாசம் ஒண்ணும் பெருசு இல்லை. அப்போ தாய்ச்சிதான் ஒரே வழின்னு யாரும் கொடி பிடிக்க வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் ஒருத்தர் வீட்டுக்கு வந்து சமநிலைப் பயிற்சி கொடுத்தா அதுவும் இதே வேலையைச் செய்யும்.

அப்புறம் ஏன் தாய்ச்சி? நாற்காலியில பத்து தடவை எழுந்து உட்காருங்கன்னா மூணாவது நாள் நம்மாளு நிறுத்திடுவார், அலுப்பு. தாய்ச்சியில கத்துக்கிறதுக்கு எப்பவும் ஒண்ணு மிச்சம் இருக்கும். நாலு பேரோட நிக்கலாம், ஊர்க்கதை பேசலாம். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அதுதான் ரகசியம், வேற சக்தி கிக்தி எதுவும் இல்லை.

18 நவம்பர்

"சக்தி இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க, சீனாக்காரன் ச்சீன்னு சொல்றது நம்ம பிராணன்தானே"ன்னு கேட்டவருக்கு: நான் உள்ளே போய்ப் பார்க்கலை சார். கை வெதுவெதுன்னு ஆகும், விரல் நுனி குறுகுறுக்கும், எனக்கும் ஆகும். தோளைத் தளர்த்தி, மூச்சை இழுத்து விட்டு, கையை மெதுவா நகர்த்தினா ரத்தம் ஓடும். அதுக்கு மேல போய், வார இறுதி வகுப்புல கையாலேயே நோயை உறிஞ்சி எடுக்கிறேன்னு காசு வாங்குறாங்க பாருங்க, அங்க நான் கும்பிடு போட்டுட்டு வந்துடுவேன்.

23 நவம்பர்

முழங்கால்.

பாஸ்டன்ல 204 பேரை வச்சு ஒரு ஆய்வு, 2016ல வந்தது. முழங்கால் தேய்மானம் உள்ளவங்க. பாதிப் பேருக்கு 12 வாரம் தாய்ச்சி, பாதிப் பேருக்கு முறையான பிசியோதெரபி. வலி ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குறைஞ்சது. தாய்ச்சிக் கூட்டத்துல மனச்சோர்வு கொஞ்சம் கூடுதலாக் குறைஞ்சது. அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் அமைப்பு தன்னோட வழிகாட்டியில முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்குத் தாய்ச்சியை வலுவாவே சிபாரிசு பண்ணுது.

ஆனா அதே முழங்காலைக் கெடுத்துக்கவும் தாய்ச்சியில வழி இருக்கு, அதை யாரும் வீடியோவுல சொல்றதில்லை.

வீடியோவுல வர்ற வீரர் தொடை தரைக்குச் சமமா வர்ற அளவுக்குத் தாழ்ந்து நிப்பார். ஆச்சி அப்படி நிக்கக் கூடாது. கொஞ்சமா, நாற்காலியை நினைச்சுக்கிட்டு உட்கார ஆரம்பிக்கிற அளவுக்கு மடக்கினாப் போதும். மடக்கின முழங்கால் ரெண்டாவது கால் விரலுக்கு நேரா இருக்கணும், உள்பக்கமாச் சாயக் கூடாது, விரல் நுனியைத் தாண்டக் கூடாது. எல்லாத்தையும் விட முக்கியம்: எடை நிக்கிற பாதத்தைத் தரையில வச்சுக்கிட்டே உடம்பைத் திருப்பவே கூடாது. முதல்ல எடையை அடுத்த காலுக்கு மாத்து, காலி ஆன பாதத்தைக் குதிகால்ல திருப்பு, அப்புறம் எடையைக் கொண்டா. மூட்டு தேய்ஞ்சவங்களுக்கு வலி வர்றது தொண்ணூறு சதவீதம் இந்த ஒரு இடத்துலதான். இந்தத் தொண்ணூறு ஆய்வு இல்லை, என் கண்ணளவு. இதையும் வெட்டி வாட்ஸ்அப்ல போட்டுடாதீங்க.

முழங்காலுக்குன்னே பார்த்தா தாய்ச்சிப் பாணிகள்ல சுன் பாணி நல்லது. சுன் லூதாங் (1860–1933) உண்டாக்கினது. நிமிர்ந்தே நிக்கலாம், ஒரு கால் முன்னாடி போனா அடுத்த கால் பின்னாலேயே வந்து சேர்ந்துடும், அகலமா நிக்க வேண்டிய வேலையே இல்லை. ஆஸ்திரேலியாவுல பால் லாம்ங்கிற டாக்டர் 1997ல மூட்டுவாதக்காரங்களுக்குன்னு தொகுத்த பாடத்துக்கும் அடிப்படை இந்தப் பாணிதான்.

24 நவம்பர்

சிலம்பத்தை விட்டுட்டு இதென்னன்னு ஒருத்தர் கோபப்பட்டிருக்கார். சிவகங்கைச் சீமையில உட்கார்ந்துக்கிட்டு இப்படி எழுதலாமாங்கிறார். நானும் கம்பு பிடிச்சவன்தான் ஐயா. சிலம்பத்துலயும் உயிரு காலடியிலதான் இருக்கு, கம்பு அப்புறம்தான். இருபது வயசுப் பையனுக்கு நான் சிலம்பம்தான் சொல்லுவேன். 74 வயசு ஆச்சி கையில கம்பைக் கொடுத்தா வளவுல தொங்குற பெல்ஜியம் கண்ணாடிக்கு யார் ஜவாப்பு?

1 டிசம்பர்

தேவகோட்டையில தெரிஞ்ச ஒரு வீட்டு வளவுல சாயங்காலம் நாலைஞ்சு ஆச்சிமாருக்குச் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருக்கேன். முதல்ல ஊருணிக் கரையில செய்யலாம்னு யோசிச்சோம். "பாக்குறவுக சிரிப்பாக. எங்களுக்கு வயசாச்சா, கூத்தாடுற வயசா"ன்னுட்டாங்க. அதான் கதவைச் சாத்திக்கிட்டு வளவுக்குள்ள. புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கிட்டாப் போதும், அகலமா நிக்காததால ஒரு தொந்தரவும் இல்லை.

அசைவுக்குப் பேர் வைக்கிறதுல சீனாக்காரனை மிஞ்ச முடியாது. வெள்ளைக் கொக்கு சிறகு விரிக்குது. காட்டுக் குதிரையோட பிடரி மயிரைப் பிரிக்கிறது. சேவல் ஒத்தைக்கால்ல நிக்குது. சிட்டுக்குருவி வாலைப் பிடிக்கிறது. மேகம் மாதிரிக் கை நகர்த்துறது. நான் அழகாச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு ஆச்சி மேகத்தைப் பார்த்துட்டு, "இது தோசை திருப்புறது மாதிரில்ல இருக்கு"ன்னாங்க. அவ்வளவுதான். இப்போ எங்க வளவுல "தோசை நாலு போடுங்க"ன்னாத்தான் எல்லாருக்கும் புரியும்.

குரங்கை விரட்டுறதுன்னு ஒண்ணு இருக்கு. முன்னாடி பார்த்துக்கிட்டே ஒவ்வொரு அடியாப் பின்னால போகணும். அழகர்கோவில்ல தேங்காய்ப் பையோட போறவங்களுக்கு இது நிஜமாவே உதவும். விளையாட்டுக்குச் சொல்லலை, பின்னால காலெடுத்து வைக்கிறதுதான் வயசானவங்களுக்கு ரொம்ப கஷ்டமான அசைவு. அலமாரிக் கதவைத் திறக்கிறப்போ, நாய் குறுக்கே வர்றப்போ, யோசிக்காமப் பின்வாங்கித்தானே விழுறாங்க. அதனால அதைத் தூணைப் பிடிச்சுக்கிட்டுச் செய்யச் சொல்றேன். பர்மாத் தேக்குத் தூண், அசையாது. அந்தக் காலத்துல அப்பச்சிமார் கப்பல்ல கொண்டாந்து நட்டதுக்கு இப்படி ஒரு பயன்.

2 டிசம்பர்

செருப்பு விஷயம் விட்டுப்போச்சு. சுகர்ல பாதம் மரத்தவங்க வெறுங்காலோட செய்யக் கூடாது, சின்னக் கல் குத்தினாலும் தெரியாது, புண்ணாயிடும். ஆனா வளவுக்குள்ள செருப்பான்னு ஆச்சிமார் முறைக்கிறாங்க. சாமி வீடு இருக்கிற இடம், நியாயம்தான். புதுசா ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பு (சுகர் பாதத்துக்குன்னு வர்ற மெத்து ரப்பர் செருப்பு), பின்னால வார் வச்சது வாங்கி, தெருவுக்கே கொண்டு போகாம வீட்டுக்குள்ள மட்டும்னு வச்சுக்கச் சொன்னேன். ரெண்டு பேர் ஒத்துக்கிட்டாங்க. மத்தவங்க பேச்சுவார்த்தையில இருக்காங்க.

9 டிசம்பர்

பிரஷர், சுகர் பத்தி எழுதறேன்னு சொல்லிக் கடத்திக்கிட்டே இருக்கேன். காரணம், சொல்ல நல்ல சேதி கொஞ்சம்தான்.

பிரஷர்ல 2024 பிப்ரவரியில பெய்ஜிங்லேர்ந்து ஒரு ஆய்வு வந்தது. 342 பேர், ஒரு வருஷம். பாதிப் பேர் தாய்ச்சி, பாதிப் பேர் வேக நடை, சைக்கிள், மாடிப்படி மாதிரி மூச்சு வாங்குற பயிற்சி. மேல் அளவு தாய்ச்சியில சராசரியா 7 குறைஞ்சது, மத்ததுல 4.6. நல்லாத்தான் இருக்கு. ஆனா அவங்க எல்லாரும் 65 வயசுக்குள்ள இருக்கிறவங்க, பிரஷர் வரப்போற வாசல்ல நிக்கிறவங்க, மாத்திரை சாப்பிடுற கட்டத்துக்கு வராதவங்க. வாரம் நாலு நாள், ஒரு மணி நேரம், மேல ஒருத்தர் நின்னு பார்த்துக்கிட்டுச் செஞ்சது. ஆத்தாவோட கணக்கு இதுல சேராது. பயிற்சியால அளவு இறங்கினா மாத்திரையைக் குறைக்கிறது டாக்டர் வேலை, சிங்கப்பூர்த் தம்பி வேலை இல்லை.

சுகருக்கு இதை நம்பி உட்காராதீங்க. தாய்ச்சி எரிக்கிற சக்தி சாதாரண நடையோட அளவுதான். உடம்பு அசையாம இருக்கிறதை விட நல்லதுதான், ஆனா கும்மாயம்னு நாம செய்யிற உளுந்து இனிப்பு ஒரு தட்டுக்கு அது ஈடு கட்டாது. மேல கவுனி அரிசி வேற. (கும்மாயத்தை நான் விடலை. உளுந்துல என்ன கெடுதல்னு வீட்டுல கேட்டா, கருப்பட்டியைக் கணக்குல சேர்க்கச் சொல்றாங்க.)

இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுக்கிறவங்க வெறும் வயித்துல செய்ய வேண்டாம், சுகர் தடால்னு இறங்கலாம். பிரஷர் மாத்திரை போட்டவங்க உட்கார்ந்த இடத்துலேர்ந்து சடார்னு எழுந்து தொடங்க வேண்டாம், தலை கிறுகிறுக்கும்.

20 டிசம்பர்

கண்டனூர்லேர்ந்து ஒரு தங்கச்சி தனியா எழுதியிருந்தாங்க, அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) நடுக்குவாதம், பார்க்கின்சன்ஸ்னு சொல்லிட்டாங்களாம், தாய்ச்சி செய்யலாமான்னு. எல்லாருக்கும் உதவும்னு இங்கேயே சொல்றேன்.

செய்யலாம். நான் மேல சொன்ன அதே லீ குழு 2012ல 195 பார்க்கின்சன்ஸ் நோயாளிகளை வச்சுப் பார்த்தது. தாய்ச்சி, எடை வச்ச பயிற்சி, நீட்டல், மூணு கூட்டம். சாயற அளவு, நினைச்ச திசையில சாயற கட்டுப்பாடு, இந்தச் சமநிலை அளவுகள்ல தாய்ச்சிக் கூட்டம் முன்னாடி நின்னுச்சு. விழுறது நீட்டல் கூட்டத்தை விடக் குறைஞ்சது, எடைப் பயிற்சிக் கூட்டத்தோட ஒப்பிட்டா தெளிவான வித்தியாசம் இல்லை. அதெல்லாம் நோய் ஆரம்பம், நடுக்கட்டத்துல இருக்கிறவங்க.

வீட்டுல செய்யிறப்போ சில விஷயம். மாத்திரை வேலை செய்யிற நேரத்துல செய்யச் சொல்லுங்க, கால் தரையில ஒட்டிக்கிற நேரத்துல வேண்டாம். பின்னால நாற்காலி, பக்கத்துல ஆள். திரும்புற அசைவை முதல் மாசம் தொடவே வேண்டாம், பக்கவாட்டுல எடை மாத்துறது மட்டும் போதும். நரம்பு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆரம்பிங்க.

11 ஜனவரி 2025

தைப்பூசம் வருது. குன்றக்குடியிலேர்ந்து பழநிக்கு நடக்கப் போறேன், தாய்ச்சி செஞ்சா நடைக்குத் தயாராகலாமான்னு ஒருத்தர். ஆக முடியாது. நடைக்கு நடைதான். காவடியோட தார் ரோட்டுல நடக்கிறதுக்குத் தேவை காப்புக் காய்ச்சின பாதமும் மூச்சும். தாய்ச்சி ரெண்டையும் தராது. வேணும்னா குன்றக்குடி மலைப்படியைத் தினமும் ஏறி இறங்குங்க. இறங்குறப்போ மட்டும் தாய்ச்சிக் கணக்கு: பாதம் படிஞ்ச பிறகு எடை.

2 பிப்ரவரி

கோட்டையூர்த் தம்பி திரும்ப வந்திருக்கார். ஆத்தா வீடியோவைப் பார்த்து 24ம் வரலைன்னு விட்டுட்டாங்களாம். ரெண்டு அசைவு மட்டும்தான் செய்யிறாங்க, பட்டாலைத் தூணைப் பிடிச்சுக்கிட்டு எடை மாத்துறது ஒண்ணு, குரங்கு ஒண்ணு. "இதுல ஏதாவது பிரயோசனம் உண்டா, இல்லை சும்மா எங்க திருப்திக்கா"ன்னு கேக்குறார்.

உண்டு. லீ குழுவோட பாடத்துல மொத்தமே எட்டு அசைவுதான். 24ஐ மனப்பாடம் பண்றது நம்ம பிள்ளைங்களுக்குப் பரீட்சை வைக்கிற புத்தி. ரெண்டை ஒழுங்காச் செய்யிற ஆச்சி, 24ஐ ஓட்டமா ஓட்டிட்டு டீ குடிக்கப் போற என் சகவாத்தியாரை விட எவ்வளவோ மேல். அவர் இதைப் படிப்பார், படிக்கட்டும்.

ஆனா ஒரு மாற்றம். தூணைக் கட்டிப் பிடிக்க வேண்டாம், உள்ளங்கையை வச்சிருந்தாப் போதும். அடுத்து ரெண்டு விரல். பயம் வர்ற நாள் திரும்ப உள்ளங்கை. தூண் இல்லாமச் செய்யணும்னு யாரும் கெடு வைக்காதீங்க. அப்புறம், சமையலுக்கு வர்ற அம்மா வீட்டுல இருக்கிற நேரமாப் பார்த்துச் செய்யச் சொல்லுங்க. அந்த அம்மாவும் கூட நின்னா இன்னும் நல்லது, அவங்களுக்கும் வயசு ஏறிக்கிட்டுதானே இருக்கு.

தாய்ச்சியோட சேர்த்துச் செய்ய வேண்டியதையும் சொல்லிடறேன், இது இல்லாம அது வீண். நிலைப்படி விளிம்புல மஞ்சள் பெயிண்ட் ஒரு கோடு. பழைய தேக்குல பெயிண்டான்னு பங்காளிங்க சண்டைக்கு வந்தா ஒட்டுற டேப். படுக்கையிலேர்ந்து பாத்ரூம் வரைக்கும் ராத்திரி எரியிற சின்ன பல்பு. தரையை எண்ணெய் போட்டுத் துடைக்கிறதை நிறுத்துறது. கண்புரை இருந்தா எடுத்துடறது.

3 பிப்ரவரி

"வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது"ன்னு தம்பி விடாமக் கேக்குறார். நல்ல கேள்வி. நல்லா இருக்கேன்னு ஆத்தா போன்ல சொல்றதை நம்பாதீங்க, எந்த ஆத்தாவும் வேற மாதிரிச் சொன்னதில்லை.

அடுத்த தடவை ஊருக்கு வர்றப்போ கை வச்ச நாற்காலி ஒண்ணு போடுங்க. அதுலேர்ந்து மூணு மீட்டர் அளந்து தரையில ஒரு கோடு. ஆத்தா எழுந்து, வழக்கமான நடையில கோடு வரைக்கும் போய், திரும்பி வந்து உட்காரணும். போன்ல நேரம் பாருங்க. 12 வினாடியோ அதுக்கு மேலயோ ஆனா விழுற அபாயம் இருக்குன்னு அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் டாக்டர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற அளவு. திரும்புற இடத்துல எத்தனை குட்டி அடி வைக்கிறாங்கன்னும் கவனிங்க, எனக்கு நேரத்தை விட அது அதிகம் சொல்லும். பக்கத்துலயே நில்லுங்க, வீடியோ எடுக்கிறேன்னு தூரமாப் போயிடாதீங்க.

மூணு மாசம் கழிச்சு அதே நாற்காலி, அதே செருப்பு, அதே நேரம், மறுபடி. ரெண்டு எண்ணையும் இங்க போடுங்க. கூடியிருந்தாலும் போடுங்க.